தேநீருக்குப் பிறகு எண்ணிய மீன்கள்

நோர்வேயின் வட முனையில், வரைபடத்தில் விரல் வைத்தால் விரலுக்கு அடியிலேயே மறைந்துபோகிற ஸ்கார்விக் என்ற ஊரில், கடல் சூடேறத் தொடங்கிப் பதினொரு வருடமாகி, குடாவின் தண்ணீர் உறைவதை மறந்து நான்கு வருடமாகி, சூரியன் தன் இரண்டு மாத விடுமுறையை முடித்துக்கொண்டு திரும்பி வந்த பெப்ரவரி வாரத்தில், திரேசம்மாவின் பிறீசருக்குள் ஒரு பனிமீன் குடிவந்தது. முருங்கைக்காய் எடுக்கத்தான் அவள் நிலவறைக்கு இறங்கினாள். மூடியைத் திறந்தபோது, தேங்காய்ப்பூப் பொட்டலங்களுக்கும் நத்தார்ப் பெருநாளுக்கு வாங்கி மிஞ்சிய ஆட்டிறைச்சிக்கும் நடுவில், ஒரு சாண் நீளத்தில், பெரிய கறுத்தக் கண்ணோடு, சொட்டுத் தண்ணீரும் இல்லாத அந்த வெள்ளைக் குளிர்ப்புகைக்குள் அது நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. திரேசம்மா முப்பது வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றவள். மீனைக் கண்டால் எங்கே கத்தி வைப்பது என்றுதான் அவள் கைக்கு முதலில் தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை. முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு, குளிர் வெளியே போய்விடாதபடி மூடியை மெல்லச் சாத்திவிட்டு, மேலே வந்து ஆரணிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"பிள்ளை, உன்ர மீன் ஒண்டு இஞ்ச வந்து நிக்குது. நான் கறி வைக்கேல்லை. வந்து பார்," என்றாள்.

ஆரணியின் மீன் என்று அவள் சொன்னதில் தப்பில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆரணி கடல் உயிரினங்களைப் படித்தவள். சூடேறுகிற கடல் அதற்குள் இருக்கிற உயிர்களை என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவள் உத்தியோகம். ஐந்து வயதில், சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய அம்மா இராசமலரின் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு நாட்டு விமான நிலையங்களிலும் அகதி முகாம்களிலும் தூங்கி எழும்பி, கடைசியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். இருபத்து மூன்று தமிழ்க் குடும்பங்கள் அப்படி வந்து சேர்ந்தன. வேறு யாரும் நிற்க விரும்பாத குளிரில் நின்று மீன் வெட்ட ஆள் தேவைப்பட்ட தொழிற்சாலை அவர்களை வாங்கிக்கொண்டது. இராசமலர் அந்த வரிசையில் நின்று மகளைப் படிக்க வைத்தாள். மகள் பெரிய படிப்பெல்லாம் முடித்துவிட்டு, அதே ஊரின் குடாவில் பனிமீன்களை எண்ண வந்து நின்றாள்.

பனிமீன் என்பது கடலில் மிதக்கிற பனிக்கட்டியின் வயிற்றுக்குக் கீழே வாழ்கிற மீன். அதைச் சீல் தின்னும், திமிங்கிலம் தின்னும், கடற்பறவை தின்னும். சுருக்கமாகச் சொன்னால் அந்தக் கடலுக்குச் சோறு அதுதான். ஆரணி படகில் போய் வலை இறக்கி, வந்ததை எண்ணி, படிவத்தில் எழுதித் தெற்கே இருந்த ஆய்வு நிலையத்துக்கு அனுப்புவாள். முதல் வருடம் தொள்ளாயிரம் எழுதினாள். பிறகு இருநூறு, பிறகு நாற்பது, பிறகு ஆறு. பிறகு சைபர். நான்கு வருடம், வாரத்துக்கு ஒரு தடவை, அவள் போய் வலை இறக்கி, தூக்கி, உதறிப் பார்த்து, சைபர் என்று எழுதினாள். ஒன்றுமில்லை என்று எழுதவா இவ்வளவு படித்தேன் என்று ஒரு நாள் படகுக்கே கேட்கும்படி சொன்னாள். சைபர் எழுதிய நாட்களில் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்து, பிசைந்தபடியே வைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். இராசமலர் அந்தத் தட்டுகளைக் கழுவுவாள்.

அப்படிக் களைத்துப்போயிருந்தவள்தான் திரேசம்மாவின் நிலவறைக்கு இறங்கினாள். பிறீசருக்குள் தலையை விட்டு, செவுளைப் பார்த்தாள், தாடையில் இருந்த ஒற்றை மயிரைப் பார்த்தாள், இடப்பக்கத் துடுப்புச் செட்டையின் ஓரத்தில் கடித்தெடுத்தது போல ஒரு சின்ன வெட்டு இருப்பதைப் பார்த்தாள். நீளம் அளந்தாள். பனிமீன்தான். படிவத்தை எடுத்து, ஒன்று என்று எழுதினாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டாம் தரமும் சோறு கேட்டாள்.

ஆய்வு நிலையத்தின் தலைவர் ஈவர் என்பவர், ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் வைத்திருந்த நிதானமான மனிதர். அவர் ரெலிபோனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்ன ஆழம் என்று கேட்டார். நிலவறை என்றாள் ஆரணி. என்ன வெப்பநிலை என்று கேட்டார். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு என்றாள். படிவத்தில் குடா என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பிறீசர் என்று இன்னொரு கட்டம் போட்டுப் புதிய படிவம் அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த வாரமே அனுப்பினார்.

ஊர் அதைவிட வேகமாகப் பழகிக்கொண்டது. தொழிற்சாலை வரிசையில், கடையில், பஸ் தரிப்பில் கண்டவுடன் சுகம் கேட்பதை விட்டுவிட்டு, "உங்கட வீட்டை வந்திட்டுதோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வரட்டும் என்று எல்லோரும் பிறீசர்களைத் துப்புரவாக்கினார்கள்; ஆறு வருடத்து முருங்கைக்காயும், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட ஒருத்தியின் கல்யாணத்துக்கு அவித்த இடியப்பமும் வெளியே வந்தன. சைவ வீடுகளில் மூடிக்குத் திருநீறு பூசினார்கள், வேதக்கார வீடுகளில் மாதா படம் ஒட்டினார்கள். மீன் குடியிருக்கிற வீட்டில் மீன் பொரிக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் வந்து, கார்க் கொட்டகையில் பொரிக்கலாம், சத்தம் கீழே கேட்கக் கூடாது என்று முடிவானது. பகலெல்லாம் ஆயிரக்கணக்கில் மீனைப் பிளந்துவிட்டு வருகிற பெண்கள், மாலையில் பிறீசருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். என்ன தின்னும் என்று கேட்டதற்குச் சின்ன இறால் என்றாள் ஆரணி. மன்னாரிலிருந்து பொதியில் வந்த காய்ந்த கூனி இறாலைத் திரேசம்மா விரலால் நொறுக்கித் தூவினாள், அது வந்து தின்றது. மின்சாரக் கந்தோர் இனிமேல் முன்னறிவித்தல் இல்லாமல் மின்சாரத்தை நிறுத்த மாட்டோம் என்று எழுதிப் போட்டது. நோர்வேக்காரப் பாதிரியார் வந்து எட்டிப் பார்த்து, சுகமாக இருக்கிறதா என்று விசாரித்து, இரண்டு ரோல்ஸ் தின்றுவிட்டுப் போனார்.

பிறகு மற்ற வீடுகளுக்கும் வந்தது. முதலில் இராசமலரின் பிறீசரில் ஒன்று. இரண்டு நாளில் தமிழ்ச் சங்கத் தலைவர் நேசராசாவின் பிறீசரில் ஒன்று. பங்குனி முடிவதற்குள் இருபத்து மூன்று வீட்டிலும் வீட்டுக்கு ஒன்று என்று வந்துவிட்டது. எந்த வீட்டிலும் இரண்டு இல்லை, எந்த வீடும் வெறுமையாக இல்லை. இவ்வளவு நியாயமாக இந்த உலகத்தில் ஏதாவது பங்கிடப்பட்டிருக்கிறதா என்று ஆரணி யோசித்திருக்கலாம். நான்கு வருடம் சைபர் எழுதியவளுக்கு அப்படி யோசிக்கிற தெம்பு இருக்கவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை எண்ணுகிற ஒழுங்கை நேசராசா போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை மேட்டு வீடுகள் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை பள்ளத்து வீடுகள் பதினொன்று, எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்றெல்லாம் எழுதித் தந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு.

"முதல் தேத்தண்ணியைக் குடி பிள்ளை, மீன் எங்க ஓடப்போகுது?"

தேநீர் என்றால் வெறும் தேநீர் இல்லை. கேத்திலில் தண்ணீர் கொதிக்க வேண்டும், பால் காய வேண்டும், பற்றிஸ் பலகாரம் சூடாக வேண்டும், பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகளைப் பற்றிக் கேட்க வேண்டும், முழங்கால் நோவைப் பற்றிக் கேட்க வேண்டும். இருபது நிமிடம் போகும். பிறகு கீழே எங்கோ கதவு ஒன்று மெல்லச் சாத்துப்படுகிற சத்தம் கேட்கும், வீட்டுக்காரர் எழும்பி, "வா, பாப்பம்," என்பார். ஆரணி இறங்கிப் போய், எண்ணி, நிறுத்து, அளந்து எழுதுவாள். சனிக்கிழமை பன்னிரண்டு தேநீர், ஞாயிற்றுக்கிழமை பதினொன்று. வீட்டுக்கு வீடு நடக்கும்போது, நீல நிறக் குளிர்ப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் யாராவது மூச்சிரைக்கப் போவதைக் காண்பாள். கறி கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக் கை காட்டுவாள். அவர்களும் கை காட்டுவார்கள்.

இருபத்து மூன்று மீனுக்கும் இடப்பக்கச் செட்டையில் ஒரே வெட்டு இருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. பரம்பரையாக வருகிற அடையாளம், எல்லாம் ஒரு தாய் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று படிவத்தில் எழுதினாள். படித்தவர்கள் பிழை விட்டால் இப்படித்தான், காரணத்தோடு விடுவார்கள். ஈவர் அதைப் படித்துச் சந்தோஷப்பட்டு, மாதத்துக்கு ஒரு தடவையாக இருந்த எண்ணிக்கையை வாரத்துக்கு ஒரு தடவையாக்கச் சொன்னார்.

வாரத்துக்கு ஒரு தடவையானதும் மீன்கள் மெலியத் தொடங்கின. சித்திரையில் முப்பத்தெட்டுக் கிராம் இருந்தவை ஆனியில் முப்பத்தொன்றாயின, ஆவணியில் இருபத்தாறு. இருபத்து மூன்றும் ஒரே அளவாக மெலிந்தன. செதில் உரிந்தது. மூடியைத் திறந்தால் முன்பு போலத் திரும்பிப் பார்க்காமல், ஒரு மூலையில் பக்கவாட்டாகச் சாய்ந்து நின்றன. ஆரணியும் மெலிந்தாள். அவ்வளவு தேநீர் குடித்தும் ஒரு துளி உற்சாகம் மிஞ்சவில்லை. மீன்களுக்கு என்னவோ செய்கிறது, எனக்குத் தெரியவில்லை என்று ஈவருக்கு எழுதினாள். அவர் புரட்டாதியில் பதில் எழுதினார்: எதற்கும் தாமதிக்க வேண்டாம், வருகிற புதன்கிழமை கப்பல் அனுப்புகிறேன், பத்து மீன்களை எடுத்து வருவார்கள், சிலதைத் தொட்டியில் வளர்த்துப் பார்ப்போம், சிலதைப் போத்தலில் பாதுகாப்போம், இருபத்து மூன்றில் பத்துப் போனால் பாதகமில்லை.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ஆரணி அந்தச் சனிக்கிழமை கிளம்பினாள். பனி விழ வேண்டிய நாளில் மழை தூறியது. திரேசம்மா வீட்டில் தேநீர் குடித்தாள், மீனைப் பார்த்தாள். இருபத்து நான்கு கிராம். அடுத்தது நேசராசா வீடு. கேத்தில் சத்தம் கேட்டவுடன் அவள் கையை நீட்டி மறித்தாள்.

"இண்டைக்குத் தேத்தண்ணி வேண்டாம் மாமா. வயித்தில இடமில்லை. முதல் மீனைப் பாப்பம்."

நேசராசா எழும்பி நிலவறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். "கீழ லைற் எரியாது பிள்ளை," என்றார்.

"என்னட்ட ரோர்ச் இருக்கு."

"படி வழுக்கும்."

"மாமா, களைச்சுப் போய் நிக்கிறன். விடுங்கோ."

அவர் விட்டார். விளக்கு எரிந்தது. பிறீசர் உள்ளே வெள்ளையாக, துடைத்து, அடியில் சுத்தமான துவாய் விரித்து, மூலையில் ஒரு சின்னச் சாசரில் கூனித்தூள் வைத்து, விருந்தாளிக்குத் தயார் பண்ணிய அறை போல இருந்தது. மீன் இல்லை. மேலே வந்தபோது நேசராசா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆரணி அடுத்த வீட்டுக்குப் போனாள். துவாய், சாசர், கூனி. அதற்கடுத்த வீட்டிலும் துவாய், சாசர், கூனி. ஐந்தாவது வீட்டு வாசலுக்கு வந்தபோது, மழைக்குள், நேசராசா வீட்டுக்குப் போகிற மேட்டுப் பாதையில் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைக் கையால் அமத்திக்கொண்டு, நீலப் பெட்டியைத் தூக்கியபடி அறுபத்தொன்பது வயது இராசமலர் ஏறி வந்துகொண்டிருந்தாள். மகள் தேநீரை மறுத்த சேதி அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மகளைக் கண்டதும் நனைந்த படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆரணி பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். ஐஸ் துண்டுகளுக்கு மேலே அது பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. செட்டையில் வெட்டு.

"இது ஒண்டுதானோ அம்மா?"

"ஓம்."

"ஆக ஒண்டோ?"

"முதல் நாளிலயிருந்து ஒண்டுதான் பிள்ளை."

மழை பெட்டிக்குள் விழாதபடி இராசமலர் தன் முந்தானையை இழுத்து அதற்கு மேலே பிடித்தாள். பிறகு, மகளுக்குச் சொல்லாமல் ஏழு மாதம் வைத்திருந்ததைச் சொன்னாள். "நாலு வருசம் நீ பிசைஞ்சு வைச்ச சோத்தை நான்தான் கொட்டினனான். அண்டைக்கு ஒண்டெண்டு எழுதிப்போட்டு வந்து இன்னும் கொஞ்சம் போடுங்கோ எண்டாய். அடுத்த நாளும் அப்பிடிச் சாப்பிட வேணுமெண்டு திரேசாட்டக் கேட்டன், ஒரு நாளைக்குத் தா, எங்கட வீட்டிலயும் ஒண்டு வந்ததெண்டு இருக்கட்டுமெண்டு. நேசராசா கண்டிட்டார். தங்கட வீட்டுக்கு வரேல்லை எண்டு தன்ர மனிசி அழுகுதாம், தனக்கும் தா எண்டார். பிறகு எந்த வீட்டை விடுறது? ஒரு வீட்டுக்கு வந்து மற்ற வீட்டுக்கு வராட்டில் அந்தச் சனம் என்ன பாவம் செய்தது? எல்லாருமாச் சேர்ந்துதான் வீடு வீடாத் தூக்கிக் காவினம். உனக்காகவும்தான், தங்களுக்காகவும்தான்."

ஆரணிக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாகவும் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாகவும் இந்த ஒரு சாண் உயிர் இருபத்து மூன்று வீடும் ஏறி இறங்கியிருக்கிறது. காவியவர்கள் ஊரார் என்றாலும், காவ வைத்தது தன் படிவம் என்று அவளுக்கு விளங்கியது. எண்ணி எண்ணியே இதைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

"பத்துக் கேக்கினம் அம்மா. புதன்கிழமை கப்பல் வருகுது."

"ஒண்டுதான் இருக்கெண்டு உண்மையைச் சொல்லு."

"ஒண்டெண்டால் அந்த ஒண்டைக் கட்டாயம் கொண்டு போவினம். கடைசி மீனெல்லோ. போத்திலுக்க போட்டு, பேர் எழுதி, கண்ணாடி அலுமாரியில வைப்பினம்."

இராசமலர் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். "எங்களையும் உப்பிடித்தான் முகாம் முகாமாக் கொண்டு திரிஞ்சவை," என்றாள். "ஒவ்வொரு முகாமிலயும் வரிசையில விட்டு எண்ணினவை. எண்ணி முடிய அடுத்த இடத்துக்கு ஏத்தினவை. நீ என்ர மடியில நித்திரை. இனி எண்ண மாட்டம் எண்டு ஆரும் சொல்ல மாட்டினமோ எண்டு இருந்துது எனக்கு. அதை மறந்துபோட்டு இதைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

இருவருமாகப் பெட்டியைத் திரேசம்மா வீட்டுக்கே கொண்டுபோய், மீனை அது முதலில் வந்த இடத்தில் விட்டார்கள். திரேசம்மா கூனியை நொறுக்கிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஆரணி, குடாக் கரையில் இருந்த தன் ஆய்வுக் குடிலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். குடா என்ற கட்டத்தில் சைபர் போட்டாள், அது உண்மை. பிறீசர் என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள். பதினொரு வருடத்தில் அந்தப் படிவத்தில் அவள் தெரிந்து ஒரு பொய்யும் எழுதியதில்லை. நான்கு வருடம் எழுதி எழுதி வெறுத்த அதே எண்ணை, இந்தத் தடவை வட்டம் சரியாக மூடுகிறதா என்று பார்த்து, வடிவாக எழுதினாள்.

ஈவர் ரெலிபோன் எடுத்தார். "இருபத்து மூன்றும் எங்கே போய்விட்டன?"

"இருக்கவே இல்லை. எண்ணியது என் பிழை."

"ஏழு மாதமாகவா?"

"ஏழு மாதமாகத்தான்."

அவரும் களைத்த மனிதர்தான். "அப்படியானால் அங்கே ஒரு குடில் வைத்திருக்க எனக்குக் காரணம் இல்லை ஆரணி," என்றார். "தெரியும்," என்றாள்.

கப்பல் வரவில்லை. ஐப்பசி முடிவில் குடிலைப் பூட்டினார்கள். வலையையும் தராசையும் வெறும் போத்தல்களையும் ஒரு லொறி வந்து ஏற்றிப் போனது. தெற்கே ஒரு மேசை தருவதாக ஈவர் சொன்னதை அவள் ஏற்கவில்லை. தொழிற்சாலையில் ஆள் கேட்டார்கள் என்று போனாள். இராசமலர் முப்பது வருடம் நின்று எந்த வரிசையிலிருந்து அவளை வெளியே அனுப்பினாளோ, அதே வரிசையில் மூன்றாவது ஆளாகக் கத்தி பிடித்து நின்றாள். அது இராசமலருக்கு வலித்தது. வலித்ததை இரண்டு பேரும் ஒளிக்கவில்லை.

மீன் திரேசம்மா வீட்டிலேயே இருந்தது. பார்க்க ஆசைப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்தார்கள். இருபத்திரண்டு வீடுகள் தங்கள் பிறீசர்களில் மறுபடி முருங்கைக்காய் அடுக்கின. சாசரை மட்டும் யாரும் எடுக்கவில்லை என்று கேள்வி. அது தேறியதா என்று கேட்டால், யாரும் நிறுத்துப் பார்க்காததால் சொல்லத் தெரியவில்லை. சூரியன் மறுபடியும் விடுமுறைக்குப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரணி வேலை உடுப்புக் கழற்றிக் கை நோவோடு அங்கே போனபோது, நிலவறையில் இராசமலரும் நேசராசாவும் இன்னும் நாலைந்து பேரும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூடியைக் கொஞ்சமாகத் தூக்கினாள். அது திரும்பி அவளைப் பார்த்தது, பிறகு தேங்காய்ப்பூப் பொட்டலத்துக்குப் பின்னால் போனது. அவள் மூடியைச் சாத்தினாள்.

"முதல் தேத்தண்ணியைக் குடி பிள்ளை," என்றாள் திரேசம்மா.

ஆரணி கதிரையில் சாய்ந்து கோப்பையை வாங்கி, மேல்படையை ஊதிவிட்டு, மெல்ல மெல்லக் குடித்தாள். அந்தத் தேநீர் குடித்து முடிகிற வரைக்கும் யாரும் எங்கேயும் ஓட வேண்டியிருக்கவில்லை.